பொருள் சரி என்று போட்ட கையெழுத்து

தோங் குய்ஜியின் கண்ணுக்கு ஒரு சோதனைக் குழாய் சுத்தமாகத் தெரிவது லேசான காரியம் இல்லை. கழுவிக் கவிழ்த்த குழாயில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றாலும் தப்பு, கோடு போட்டு ஒழுகினாலும் தப்பு. கண்ணாடி முழுக்க ஒரே படலமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பிரஷ்தான். ஷிதான் ஊரின் மூன்றாம் நடுநிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக அவளுடைய வேலை இதுதான். வேதியியல் கூடத்துக்குச் சாமான் எடுத்து வைப்பாள், கரைசல் கலப்பாள், பிள்ளைகள் போட்டு உடைத்ததைக் கூட்டி அள்ளுவாள். அதற்கு முன்னால் உரத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள், அதுவும் கடைசி நாளில்தான். ஆசிரியர்கள் அவளை மெக்கானிக்கைக் கூப்பிடுவது போல "தோங் மாஸ்டர்" என்பார்கள், அங்கே அது கைவேலைக்காரர்களைக் கூப்பிடும் சொல். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, "டீச்சர்" என்றே கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பல நாள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பாள்.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. நிரந்தர வேலை. இந்த வருஷம் பள்ளிக்கு அப்படி ஓர் இடம் வந்திருந்தது. துணை முதல்வர் பெங் வாரத்துக்கு ஒரு தடவை சாமான் அறை வாசலில் வந்து நின்று அதை ஞாபகப்படுத்துவார்.

"பட்டியல்ல உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். செய்முறைத் தேர்வு ஒரு கீறல் இல்லாம முடியட்டும், மறுநாளே மேல அனுப்பிடறேன்."

செய்முறைத் தேர்வை ஏதோ பள்ளிக்கூடத்துச் சின்னப் பரீட்சை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக எழுதும் பெரிய தேர்வில் பத்து மதிப்பெண் இதற்குத்தான். ஷிதானில் இரண்டு பிள்ளைக்கு ஒன்றுதான் மேல்நிலைப் பள்ளி வாசலை மிதிக்கும். மற்றது தொழிற்பள்ளிக்குப் போகும், பிறகு தெற்கே ஏதாவது தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும். ஒரே ஒரு மதிப்பெண்ணில் நூறு பிள்ளைகள் முன்னே பின்னே போய்விடுவார்கள். அதனால்தான் அந்த வாரம் பள்ளி வாசல் நூடுல்ஸ் கடையில்கூடச் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

தேர்வு முறை இதுதான். பிள்ளை சீட்டு எடுக்கும். அதில் வந்த பரிசோதனையைப் பதினைந்து நிமிஷத்தில் செய்து காட்ட வேண்டும். நாலு பிள்ளைக்கு ஒரு தேர்வாளர், அதுவும் வேறு பள்ளியிலிருந்து வந்தவர். சாமான் எடுத்து வைத்தவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். தேர்வாளர் மஞ்சள் அட்டையைத் தூக்கினால் ஒழிய உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. ஒரு பிள்ளை "பொருள் கெட்டுப் போயிருக்கிறது" என்று கையைத் தூக்கினால் மஞ்சள் அட்டை எழும். தோங் போய்ச் சோதித்துப் பார்த்து ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கெட்டதுதான் என்று போட்டால் பிள்ளைக்குப் புதுப் பொருள், புதுப் பதினைந்து நிமிஷம், மதிப்பெண்ணுக்குப் பங்கமில்லை. பொருள் சரி என்று போட்டால் வீண் புகாருக்கு இரண்டும் வராத விளைவுக்கு இரண்டும் போய்விடும். பத்தில் நாலு. இத்தனையும் இவள் போடும் ஒரு கையெழுத்தில்.

பன்னிரண்டு வருஷத்தில் அப்படி அட்டை எழுந்தது மூன்றே தடவை. மூன்றும் உடைந்த கண்ணாடி.

இந்த வருஷம் ஏப்ரல் மாத ஒத்திகையில் அவளுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. சலவைக்கல் துண்டின் மேல் ஆசிட்டை ஊற்றி, கிளம்பும் வாயுவை வளைந்த குழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டு, அது பால் போலக் கலங்குவதைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் குமிழி சோம்பலாக வந்தது. பாதிப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு நீர் கலங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமாக மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆசிட் கலப்பாள். தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல் பங்குக்குப் பங்கு கலந்தாள். அதுவும் போதாது என்று, மேசை எண் ஒட்டிய ஒவ்வொரு சின்னப் புட்டியிலும் பெரிய பழுப்புப் புட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒரு துண்டு சலவைக்கல்லைப் போட்டுப் பார்த்தாள். குமிழி பொங்கிக்கொண்டு வந்தது. குழாய் மாட்டி முழுசாகச் செய்து பார்க்கத்தான் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷம் செய்ததில் இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இனிப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று திருப்தியாகக் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் எட்டரைக்கு முதல் அணி உள்ளே போனது. கதவுக் கண்ணாடி வழியே தோங் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு பிள்ளைகளில் நாலு பேர் அந்த வாயுச் சீட்டை எடுத்திருந்தார்கள், பதினைந்திலிருந்து பதினெட்டு வரையிலான மேசைகள். பதினேழாம் மேசையில் தியென் ஷுவாங்.

அந்தப் பெண்ணைத் தோங்குக்குத் தெரியும். மலை மேல் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். சுண்ணாம்பு நீர்ப் புட்டியில் மேலாக வெள்ளைத் தோல் படிவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பால்லதானே ஆடை கட்டும், இதுல ஏன் கட்டுது?" என்று கேட்டுக்கொண்டு சாமான் அறைக்கே வந்தவள். காற்றில் உள்ள அதே வாயுதான் செய்கிறது என்று தோங் சொன்னதும், "அப்ப மூடி சரியா மூடலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குறும்பா, உண்மையாகவே சொன்னாளா என்று தோங்குக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று முதல் மூடியை மட்டும் இரண்டு தடவை திருகுகிறாள்.

ஒன்பதாவது நிமிஷம். மஞ்சள் அட்டை எழுந்தது. பதினேழாம் மேசை.

தோங் உள்ளே போனாள். அந்த நாலு மேசைக்குத் தேர்வாளர், ஹே என்ற பெண்மணி. இறுக்கிக் கட்டிய கொண்டை, கையில் மதிப்பெண் தாள்.

"சுண்ணாம்பு நீர் மாறவே இல்லைங்கறா" என்றார் ஹே, தணிந்த குரலில். "பக்கத்துல மூணு பேருக்கும் மாறியாச்சு. சீக்கிரம் பாருங்க."

தியென் ஷுவாங் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குமிழி பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தது. சோதனைக் குழாயில் சுண்ணாம்பு நீர் பச்சைத் தண்ணீராக அப்படியே இருந்தது.

"டீச்சர், தக்கையை இறுக்கமாத்தான் போட்டேன். எங்கேயும் கசியல."

"பேசக் கூடாது" என்றார் ஹே.

பொருள் கெட்டிருந்தால் அது சுண்ணாம்பு நீராகத்தான் இருக்க வேண்டும் என்று தோங்குக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. பதினேழாம் எண் புட்டியிலிருந்து புதுக் குழாயில் கொஞ்சம் ஊற்றினாள், உறிஞ்சு குழலைப் போட்டு ஊதினாள். மூன்றாவது மூச்சிலேயே வெள்ளையாகக் கலங்கியது. அருமையான சுண்ணாம்பு நீர், அவளே வடிகட்டியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்ப எழுதுங்க. நேரம் போகுது."

சீட்டை மேசை ஓரத்தில் வைத்து எழுதினாள். பதினேழு. பொருள் சரி. தோங் குய்ஜி. நிமிர்ந்தபோது அந்தப் பெண் தோங்கைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே தப்புச் செய்தன என்று தேடுகிறவள் மாதிரி.

பதினைந்தாவது நிமிஷம் மணி அடித்தது. பிள்ளைகள் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். பதினேழாம் மேசையின் குழாயை மட்டும் சீட்டோடு சேர்த்து அப்படியே வைத்திருந்தார்கள், அதுதான் விதி. ஆசிட் புட்டிகள் தட்டில் வைத்துத் தோங்கிடம் வந்தன. இரண்டாம் அணிக்கு நிரப்ப வேண்டும். அவள் பதினேழாம் புட்டியின் மூடியைத் திறந்தாள்.

வாயிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. மூக்கில் சுரீரென்று ஏறியது.

கடவுளே, இவ்வளவு வீரியமாகவா கலந்து வைத்தேன்? வீரியமான ஆசிட் பொங்கும்போது சும்மாவா பொங்கும்? தன் புகையையும் வாயுவோடு சேர்த்துக் குழாய் வழியே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் புகை சுண்ணாம்பு நீருக்குள் இறங்கினால் சுண்ணாம்பைத் தின்றுவிடும், அப்புறம் எங்கே கலங்குவது? உரத் தொழிற்சாலையில் அவளே நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. பாவி மனுஷி, சுண்ணாம்பு நீரில் ஊதிப் பார்த்தவள் ஆசிட் மூடியைத் திறந்து பார்க்கவில்லையே. அவள் மூச்சில் ஆசிட் ஏது?

அந்தப் பெண்ணின் கை ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டாம் அணி வர இன்னும் பன்னிரண்டு நிமிஷம். முதலில் ஆசிட்டைச் சரி செய்தாக வேண்டும். புதுப் புட்டிகளில் தண்ணீரை அளந்து ஊற்றினாள், அதற்குள் ஆசிட்டை மெல்ல விட்டாள். அந்தப் பதற்றத்திலும் ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றவில்லை, ஊற்றினால் தெறிக்கும் என்று பழகிய கை. பதினைந்து முடிந்தது. பதினாறு. பதினெட்டு. பதினேழாம் புட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இதையும் கலந்துவிட்டால் ஆயிற்று. இனிச் சாயங்காலம் வரை வருகிற எல்லாருக்கும் சுண்ணாம்பு நீர் கலங்கும். காலையில் ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் கலங்கவில்லை, அதுவும் அவள் கை சரியில்லை என்று தாளில் இருக்கும். யார் கேட்டாலும் தோங்கின் கையெழுத்தே சாட்சி சொல்லும். ஒரு டம்ளர் தண்ணீரில் எல்லாமே முடிந்துவிடும்.

அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது, ஏனென்றால் கை தண்ணீர்க் குடுவை பக்கம் போய்விட்டிருந்தது.

கதவு திறந்தது. பெங் உள்ளே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் அணி நல்லபடியா முடிஞ்சுதுல்ல? மஞ்சள் அட்டை ஒண்ணு தூக்கினாங்களாமே."

"சார், ஆசிட் வீரியம் கூடிப்போச்சு. என் தப்பு. அந்தப் பொண்ணு செஞ்சது சரி. நான் சீட்டுல தப்பா எழுதிட்டேன்."

பெங் கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு, "தோங் அக்கா" என்றார். காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அவர் வாயில் அக்கா வரும்.

"மத்த மூணு பேருக்கும் மாறிடுச்சுன்னு ஹே டீச்சரே போட்டிருக்காங்களே?"

"மாறியிருக்காது சார். பிள்ளைங்க மனப்பாடம் பண்ணினதைச் சொல்லியிருக்கும். ஹே டீச்சர் பிள்ளைங்க கையைத்தான் பாத்தாங்க, குழாயைப் பாக்கல."

"சரி. நீங்க போய்ச் சொன்னா என்ன ஆகும்? அந்த மூணு பேரும் திரும்பச் செய்யணும். அவங்க அப்பா அம்மா வாசல்ல நிக்கறாங்க. 'தேர்வு மையத்தில் பொருள் கோளாறு'ன்னு மாவட்டத்துக்கு அறிக்கை போகும். அப்புறம் உங்க பேரைப் பட்டியல்ல நான் எப்படி வைக்கிறது? சொல்லுங்க, நான் வச்சாலும் மேல விடுவானா?"

"விடமாட்டான்."

"பன்னிரண்டு வருஷம் காத்திருந்தீங்க. ஒரு பொண்ணு, நாலு மார்க்கு."

"நாலு மார்க்குன்னா நானூறு பிள்ளைங்க சார்."

பெங் தரையைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நல்லவராக இருக்கவும் அவருக்கு அன்று நேரமில்லை. "முதல் அணி மதிப்பெண் உறையை ஒட்ட அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார். "ஒட்டி முத்திரை குத்திட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. நான் இங்க வரவே இல்லை. நீங்களும் எங்கிட்ட எதுவும் சொல்லல."

அவர் போனதும் தோங் அழுதாள், அரை நிமிஷம் இருக்கும். வேலை கைவிட்டுப் போவது அவளுக்கு வலித்தது, பொய் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு முகத்தை மேல்சட்டைக் கையில் துடைத்துவிட்டு, கலக்காத பதினேழாம் புட்டியையும் புதிதாகக் கலந்த பதினாறாம் புட்டியையும் தட்டில் வைத்தாள். இரண்டு குடுவை, சலவைக்கல், சுண்ணாம்பு நீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். எந்த அட்டையும் எழாமலே தேர்வுக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

முதன்மைத் தேர்வாளர் யான் மேசையில் பசை டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், வார்த்தையை அளந்து செலவழிப்பவர். உறையின் வாய் இன்னும் ஒட்டாமல் இருந்தது.

"உங்களைக் கூப்பிடலையே" என்றார்.

"கூப்பிடல சார். உறையை ஒட்டாதீங்க. பதினேழாம் மேசைக்கு நான் போட்ட கையெழுத்து தப்பு."

ஹேயின் முகம் சிவந்தது. "என் முன்னாடிதானே சோதிச்சீங்க? கலங்கிச்சே."

"சுண்ணாம்பு நீரைச் சோதிச்சேன் டீச்சர். ஆசிட்டைச் சோதிக்கல. ரெண்டு நிமிஷம் கொடுங்க, காட்டறேன்."

யான் கடிகாரத்தைப் பார்த்தார், பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். "ரெண்டு நிமிஷம்."

எல்லார் கண்ணும் தோங்கின் கை மேல் இருந்தது. பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நன்றாகவே தெரிந்தது. இரண்டு குடுவையிலும் ஒரே அளவு சலவைக்கல், இரண்டு குழாயிலும் ஒரே சுண்ணாம்பு நீர். ஒன்றில் பதினேழாம் புட்டி, இன்னொன்றில் பதினாறாம் புட்டி. தக்கையை அழுத்தினாள். பதினேழில் குமிழி கொதிப்பது போலப் பொங்கியது, சுண்ணாம்பு நீர் அசையவில்லை. பதினாறில் நிதானமாக ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பத்து விநாடி. பிறகு பதினாறாம் எண் குழாயில் அடியிலிருந்து ஒரு வெண்மை மெல்ல ஏறியது. ஏறி ஏறி முழுக் குழாயும் பாலாகிவிட்டது. பக்கத்துக் குழாய் பச்சைத் தண்ணீராகவே இருந்தது.

யான் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு ஹே பக்கம் திரும்பினார்.

"முதல் அணியில நாலு மேசைக்கும் இந்த ஆசிட்தானே?"

"ஆமா."

"மூணு பேருக்குக் கலங்கிச்சுன்னு டிக் போட்டிருக்கீங்க."

ஹே மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பிள்ளைங்க சொல்லிச்சு" என்றார் கடைசியில்.

யான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளை இழுத்துத் தோங்கின் பக்கம் தள்ளினார். "யாரு கலந்தது, எப்படிக் கலந்தீங்க, எல்லாம் எழுதுங்க. நாலு பேரும் கடைசி அணியோட மறுபடி செய்யட்டும். இன்னிக்கு இனிமே நீங்க இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது."

"பிள்ளைங்களுக்குக் குமிழி சீக்கிரம் வரட்டும்னு வீரியத்தைக் கூட்டினேன் சார்" என்றாள் தோங்.

"அதையும் எழுதுங்க."

எழுதினாள். இந்தத் தடவை கையெழுத்தை நிதானமாகப் போட்டாள். வாசலில் பெங் அவளைக் கடந்து போனார், நிற்கவில்லை. "பட்டியல்ல வேற பேர்தான் போகும்" என்று மட்டும் சொன்னார். தோங் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. பள்ளிக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தாள். வாங்கின கிண்ணம் ஆறி, சாறெல்லாம் வற்றி நூடுல்ஸ் ஊதிப் போயிற்று. பக்கத்து மேசையில் இரண்டு அம்மாக்கள், "எவளோ ஆசிட் கலக்கத் தெரியாதவளாம், எம்புள்ள ரெண்டு தடவை வேர்த்து விறுவிறுத்து நிக்குது" என்று பொரிந்து தள்ளினார்கள். தோங் ஊறுகாய் மிளகாயை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத்தான் திட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குக் கடைசி அணி வெளியே வந்தது. தியென் ஷுவாங் தெருவைத் தாண்டி நேராகக் கடைக்குள் வந்து அவள் எதிரே நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பகல் முழுக்க விடுதிக் கட்டிலில் கிடந்து அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"கலங்கிச்சா?" என்று கேட்டாள் தோங்.

"கலங்கிச்சு."

"அப்ப சரி."

பெண் போகவில்லை. "டீச்சர், காலையில நான் பாத்தது சரிதானே? மாறவே இல்லை, இல்ல?"

"மாறவே இல்லை. நீ பாத்தது சரி. நான் எழுதினதுதான் தப்பு. ஆசிட்டை வீரியமாக் கலந்துட்டேன்."

"எதுக்கு?"

"குமிழி சீக்கிரம் வரட்டும்னுதான். உங்களுக்கு நேரம் பத்தாதேன்னு."

தியென் ஷுவாங் மேசை மேல் ஊன்றியிருந்த தன் கைகளை ஒரு தடவை பார்த்தாள். காலையில் பார்த்த மாதிரி இல்லை, சும்மாப் பார்த்தாள்.

"இனிமே எங்களுக்காக வீரியத்தைக் கூட்டாதீங்க டீச்சர்" என்றாள். "நாங்க காத்திருந்து பாத்துக்கறோம்."

தோங் சரி என்றாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைக்காரனிடம் சூடாக இன்னொரு கிண்ணம் கேட்டாள்.